எக்காள அன்னம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் நடக்கப் போகும் தமிழர்கள், கழுத்தை நேராக நிமிர்த்தியபடி மிதக்கும் பெரிய வெள்ளைப் பறவைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பல ஆண்டுகளாக இப்பறவைகளைப் பார்த்தும் பதிவு செய்தும் வருகிறேன். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்ட ஒரு பறவை இன்று நகரத்துக் கரையில் நின்று இறகு கோதுகிறது என்றால், அது எப்படி நடந்தது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

எக்காள அன்னம் என்பது எந்தப் பறவை?

ஆங்கிலத்தில் டிரம்பெட்டர் ஸ்வான் என்று அழைக்கப்படும் அன்னத்தையே இங்கு எக்காள அன்னம் என்கிறேன். வட அமெரிக்காவுக்கே உரிய இப்பறவை, அக்கண்டத்தின் நீர்ப்பறவைகளுள் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் பெரும்பாலும் 11 அல்லது 12 கிலோ இருக்கும். சில பறவைகள் 13 கிலோவையும் தாண்டும். இறக்கைகளை முழுதாக விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் வரும். இவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு எழ வேண்டியிருப்பதால், நீரின் மேல் ஏறத்தாழ நூறு மீட்டர் தூரம் ஓடித்தான் அது பறக்கத் தொடங்குகிறது. அப்போது பரந்த பாதங்கள் மாறி மாறி நீரை அறையும் ஓசை, கரையில் நிற்பவருக்குக் கைதட்டல் போலக் கேட்கும்.

பெயருக்குக் காரணம் அதன் குரல். கழுத்து நீளத்துக்கு இறங்கி வரும் மூச்சுக்குழல் நேராக நுரையீரலுக்குச் செல்லாமல், மார்பெலும்பின் உட்குழிவுக்குள் புகுந்து வளைந்து, அங்கே மேல்நோக்கி இன்னுமொரு வளைவும் எடுத்த பிறகே நுரையீரலை அடைகிறது. நீண்டு சுருண்ட அந்தக் குழாய்தான் குரலுக்கு ஊதுகொம்பின் கனத்தைத் தருகிறது.

நம் இலக்கியங்களில் வரும் அன்னம் இதுதானா?

இல்லை. எக்காள அன்னம் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வருவதே இல்லை. சங்கப் பாடல்களின் அன்னம் எந்தப் பறவை என்பது அறிஞர்களிடையே நெடுங்கால விவாதமாக இருந்து வருகிறது. இமயத்தைக் கடந்து வந்து தமிழ்நாட்டின் கூந்தன்குளம் போன்ற இடங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் பட்டைத்தலை வாத்தையே சிலர் சுட்டுகின்றனர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை இங்கே தேட வேண்டாம். ஏரியின் அடிச்சேற்றிலிருந்து கிழங்கையும் நீர்த்தாவரங்களின் வேரையும் பிரித்தெடுக்கும் திறமை இதற்கு நிச்சயமாக உண்டு.

ஏரியில் நான் கண்டது எக்காள அன்னம்தான் என்று எப்படி உறுதி செய்வது?

கிழக்குக் கனடாவிலும் அமெரிக்காவின் பெரும் ஏரிகள் பகுதியிலும் மூன்று வகை அன்னங்களைக் காணலாம். முதலில் அலகைப் பாருங்கள். அலகு ஆரஞ்சு நிறமாக இருந்து, அதன் அடியில் கறுப்பாக ஒரு புடைப்பும் இருந்தால், அது ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இங்கே பெருகிய ஊமை அன்னம். அது கழுத்தைப் பெரும்பாலும் வளைத்தே வைத்திருக்கும். சினந்தால் இறக்கைகளை முதுகின் மேல் பாய்மரம் போலத் தூக்கிக்கொள்ளும். டொராண்டோ ஏரிக்கரையில் ஆண்டு முழுவதும் காணப்படுவது இதுவே ஆதலால், தொலைவிலிருந்து பார்த்துவிட்டு எக்காள அன்னம் என்று பதிவிடுவோர் பலர் தவறுவது இங்கேதான்.

அலகு முழுவதும் கறுப்பாக இருந்தால் எஞ்சுவது இரண்டு: எக்காள அன்னமும், ஆர்க்டிக் தூந்திரத்தில் கூடு கட்டும் தூந்திர அன்னமும். இவற்றைப் பிரித்தறிவது சற்றுக் கடினம். தூந்திர அன்னம் எடையில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும்; ஆனால் பக்கத்தில் ஒப்பிட மற்றதும் நின்றாலொழிய அளவை மட்டும் நம்ப முடியாது. அதன் கண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். ஆனால் சில பறவைகளில் அப்பொட்டு இராது என்பதால், பொட்டு இல்லை என்பதைக் கொண்டு மட்டும் எக்காள அன்னம் என்று முடிவு கட்டக் கூடாது. எக்காள அன்னத்தின் அலகு நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை நேர்கோடாக இறங்கும். கண் தனியாகத் தெரியாமல் அலகின் கறுப்புக்குள் கரைந்து போயிருக்கும். நெற்றியின் வெள்ளை இறகுகள் அலகைத் தொடும் இடத்தில் கூர்முனையாக இறங்கும், தூந்திர அன்னத்துக்கு அது வட்டமாக முடியும். வாயைச் சற்றுத் திறக்கும்போது கீழலகின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று உதட்டுச்சாயம் போலத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது காதை. எக்காள அன்னத்தின் குரல் தாழ்ந்தது, ஒன்றிரண்டு அழுத்தமான ஊதல்களாக வருவது. தூந்திர அன்னங்கள் கூட்டமாகப் பறக்கையில் எழும் ஒலி உச்சமானது, தொடர்ந்து கேட்பது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இரண்டையும் கேட்டவர் பிறகு தடுமாறுவதில்லை.

தலையும் கழுத்தும் துருப்பிடித்த நிறத்தில் இருக்கின்றனவே, அது நோயா?

நோயன்று. இரும்புச் சத்து மிகுந்த சேற்றில் தலையை அமிழ்த்தி உண்பதால் இறகில் படியும் கறை அது. சாம்பல் நிறமாகத் தெரிவன முதல் ஆண்டுக் குஞ்சுகள்.

இவ்வளவு பெரிய பறவை அழிவின் விளிம்புவரை போனது ஏன்?

அதன் தோலுக்கும் இறகுக்கும் விலை இருந்தது. மென்தூவியோடு கூடிய அன்னத்தோல் ஐரோப்பியப் பெண்களின் ஆடை அணிகளுக்கும் முகப்பவுடர் ஒற்றும் பஞ்சுக்கும் போனது. சிறகின் தண்டு எழுதுகோலாயிற்று. தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி 1853 முதல் 1877 வரை விற்ற அன்னத்தோல்கள் மட்டும் 17,671 என்பது அந்நிறுவனத்தின் கணக்குகளிலிருந்து எடுத்தாளப்படும் எண். அதில் தூந்திர அன்னத்தின் தோலும் கலந்திருந்தது என்றாலும், தெற்கே, மனிதருக்கு எட்டும் தூரத்தில் கூடு கட்டிய எக்காள அன்னத்துக்கே அடி அதிகம். அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஆடுபனேகூட, சிறு பறவைகளின் கால்களையும் நகங்களையும் நுணுக்கமாகத் தீட்ட இந்த அன்னத்தின் சிறகுத் தண்டையே விரும்பினார்.

தோல் வணிகம் ஓய்ந்த பிறகும் நிலை மாறவில்லை. குடியேறிகள் உணவுக்காகச் சுட்டனர், முட்டைகளை எடுத்தனர், சதுப்பு நிலங்களை வடித்து வயல்களாக்கினர். கூடு கட்ட ஓர் இணைக்கு அகன்ற நீர்ப்பரப்பு வேண்டும், ஆண்டுக்கு ஒரே ஈடு முட்டைதான், குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட பறவையை வேட்டையாடித் தீர்ப்பது எளிது, திரும்பப் பெருக்குவது அரிது. வலசைப் பறவைகளைக் காக்கும் உடன்படிக்கை 1916ஆம் ஆண்டிலும் அதைச் செயற்படுத்தும் அமெரிக்கச் சட்டம் 1918ஆம் ஆண்டிலும் வந்தபோது காப்பதற்கு மிகச் சிலவே எஞ்சியிருந்தன.

அவை எங்கே தப்பிப் பிழைத்தன?

1930களின் தொடக்கத்தில், அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் கணக்குக்கு வந்தவை எழுபதுக்கும் குறைவு. மொன்டானா, ஐடஹோ, வயோமிங் ஆகிய மாநிலங்கள் கூடும் மலைப்பகுதியில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை ஒட்டி அவை இருந்தன. வெந்நீர் ஊற்றுகள் கலப்பதால் அங்குள்ள சில நீர்நிலைகள் கடுங்குளிரிலும் உறைவதில்லை. அந்தச் சிறு திறந்த நீர்தான் அவற்றின் உயிரைக் காத்தது. 1935ஆம் ஆண்டில் மொன்டானாவின் சென்டெனியல் பள்ளத்தாக்கில் ரெட் ராக் லேக்ஸ் வனவிலங்குப் புகலிடம் இவற்றுக்காகவே அமைக்கப்பட்டது. கனடாவிலும் ஆல்பெர்ட்டாவின் கிராண்ட் பிரெய்ரி வட்டாரத்தில் ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருந்தது.

பிறகு, 1950களில், அலாஸ்காவில் பெருந்தொகையான அன்னங்கள் கூடு கட்டி வாழ்வது தெரியவந்தது. அதுவரை அவை தூந்திர அன்னங்கள் என்றே கருதப்பட்டிருந்தன. 1968ஆம் ஆண்டில் நடந்த முதல் முழுக் கணக்கெடுப்பில் கண்டம் முழுவதற்கும் 3,722 பறவைகள் எண்ணப்பட்டன. அவற்றுள் 2,800க்கு மேற்பட்டவை அலாஸ்காவுக்குரியவை. அந்தச் செய்தி இல்லையென்றால் பின்னால் வந்த பெரிய அளவிலான மீட்புப் பணி நடந்திருக்காது, ஏனெனில் முட்டை எடுக்க ஓர் ஊற்றிடம் வேண்டும்.

மீட்புப் பணி எப்படி நடந்தது?

முதலில் பறவைகளையே இடம் மாற்றினர். ரெட் ராக் லேக்ஸில் வளர்ந்த இளம் அன்னங்கள் 1960 முதல் தெற்கு டகோட்டாவின் லாக்ரீக் புகலிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மினசோட்டாவில் ஹென்னபின் வட்டாரப் பூங்கா நிர்வாகம் 1966ஆம் ஆண்டில் தன் பணியைத் தொடங்கியது. பெரிய அளவிலான மீட்பு 1980களில்தான் வந்தது. அப்போதுதான் அலாஸ்காவின் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துவரும் முறை கைக்கொள்ளப்பட்டது.

அந்த முறையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். சிறு விமானத்தில் சதுப்பு நிலத்தின் மேல் பறந்து கூடுகளைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு கூட்டில் ஐந்தாறு முட்டைகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. தாய்க்கென உயிருள்ள முட்டைகள் இரண்டையாவது விட்டுவிட்டே மற்றவற்றை எடுப்பார்கள். முட்டைகளை நீரில் மிதக்கவிட்டு, உள்ளே குஞ்சு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணிப்பார்கள். பிறகு அவை வெதுவெதுப்புக் குறையாத பெட்டிகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விமானத்தில் பறந்து, அடைகாப்புக் கருவிக்குப் போய்ச் சேரும். மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை தன் அலுவலர் கேரல் ஹெண்டர்சனின் முயற்சியில் 1986 முதல் 1988 வரை ஆண்டுக்கு 50 முட்டைகள் வீதம் இப்படிக் கொண்டுவந்தது. விஸ்கான்சின் 1989 முதல் 1997 வரை 385 முட்டைகளைக் கொண்டுவந்தது. அவற்றைப் பொரிக்க வைத்தது மில்வாக்கி விலங்குக் காட்சிச்சாலை.

விஸ்கான்சின் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மனிதர் கையால் வளரும் குஞ்சு மனிதரையே தாயென்று எண்ணிவிடும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க, மாணவர்கள் உருமறைப்பு உடைக்குள் ஒளிந்து, மிதவையில் உட்கார்ந்தபடி, உண்மை அளவிலான அன்னப் பொம்மை ஒன்றை நீரில் இழுத்துச் சென்றார்கள். குஞ்சுகள் அந்தப் பொம்மையின் பின்னால் வரிசையாக நீந்தின. எங்கே மேய்வது, எதைக் கண்டால் புல்லுக்குள் பதுங்குவது என்பதை அதன் பின்னால் போய்த்தான் கற்றன. ஒரு கோடைக்காலம் முழுவதும், பேச்சும் முகமும் காட்டாமல், சேற்றில் குஞ்சுகளோடு கிடந்த அந்த இளைஞர்களின் பொறுமையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டுக்குள் 20 இணைகள் கூடு கட்ட வேண்டும் என்பதே அம்மாநிலத்தின் இலக்கு. அது தாண்டப்பட்டது, 2009ஆம் ஆண்டில் அன்னம் அங்கே அழிநிலை இனங்களின் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.

ஒன்டாரியோவில் இப்பணியைத் தொடங்கியவர் யார்?

மாகாண இயற்கைவள அமைச்சின் உயிரியலாளர் ஹாரி லம்ஸ்டன், 1982ஆம் ஆண்டில். ஏறத்தாழ நூறாண்டுகளாக இம்மாகாணத்தில் இல்லாதிருந்த பறவையைத் திரும்பக் கொண்டுவர, ஆல்பெர்ட்டாவிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து ஊமை அன்னங்களின் கூட்டில் வைத்து அடைகாக்கச் செய்தார். வெளியிலிருந்து வந்து குடியேறிய பறவை, மண்ணுக்குரிய பறவையின் குஞ்சைப் பொரித்துத் தந்தது. ஆனால் ஆமைகளும் பிற விலங்குகளும் குஞ்சுகளைப் பெருமளவில் தின்றுவிட்டதால் அம்முறை போதுமானதாக இல்லை. ஆகவே மாகாணமெங்கும் தங்கள் குளங்களில் வளர்ப்பு இணைகளை வைத்துக்கொள்ள முன்வந்த தனியாரின் உதவியோடு குஞ்சுகள் வளர்க்கப்பட்டு, பருவம் வந்த பின் விடுவிக்கப்பட்டன. ஜோர்ஜியன் குடாவை அடுத்த மிட்லண்டின் வை மார்ஷ் என்னும் சதுப்பு நிலக் காப்பகம் இதில் பெரும் பங்காற்றியது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பறவைகள் இப்படி விடப்பட்டன. இன்று ஒன்டாரியோவில் நீங்கள் காண்பவற்றுள் பெரும்பாலானவை அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

இப்போது மொத்தம் எத்தனை உள்ளன?

கண்டம் தழுவிய 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 63,000. அதில் மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, ஒன்டாரியோ உள்ளிட்ட, கண்டத்தின் உட்பகுதியில் வாழும் தொகுதி மட்டும் 27,000. இத்தொகுதி முழுவதும் மனிதர் கொண்டுவந்து விட்ட பறவைகளின் வழிவந்தது.

எண்ணிக்கை கூடிவிட்டதே, இனி என்ன கவலை?

என் பார்வையில் எண்ணிக்கை கதையின் பாதிதான். எக்காள அன்னத்தின் வலசைப் பாதை அதன் இரத்தத்தில் எழுதி வைக்கப்பட்டதன்று. குஞ்சு தன் முதல் இலையுதிர் காலத்தில் தாய் தந்தையோடு பறந்துபோய், அவற்றோடு திரும்பி வந்து கற்றுக்கொள்வது. வழி தெரிந்த கடைசிப் பறவை சுடப்பட்ட அன்றே அந்த வழியும் போய்விடுகிறது. முட்டையைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிவிடலாம், வழியை அப்படி ஏற்ற முடியாது.

இதன் விளைவை யெல்லோஸ்டோன் பகுதி காட்டியது. ரெட் ராக் லேக்ஸில் 1930களிலிருந்து குளிர்காலம்தோறும் தானியம் இட்டு அன்னங்களைக் காத்தனர். அன்றைய நிலையில் அது தேவையாகவே இருந்தது. ஆனால் உணவு கிடைத்ததால் அவை தெற்கே செல்லவில்லை. குஞ்சுகளும் செல்லக் கற்கவில்லை. கனடாவிலிருந்து வந்த கூட்டமும் அதே சிறு நீர்ப்பரப்பில் நெருக்கியடித்துக்கொண்டது. கடுங்குளிர் வந்த ஆண்டுகளில் பட்டினி கிடந்தன. 1990களின் தொடக்கத்தில் உணவிடுவதை நிறுத்தி, பறவைகளைக் கலைத்தும் வேறிடங்களுக்குக் கொண்டுபோயும் புதிய வழிகளைத் தேடவைக்க முயன்றனர். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் 1960களின் தொடக்கத்தில் எழுபது பறவைகளுக்கு மேல் இருந்தன. பின்னர் விரல்விட்டு எண்ணக்கூடிய இணைகளே அங்கு எஞ்சின.

மறுபுறம், பறவைகள் தாமாகவே வழி கண்டுபிடித்த இடமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில், ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹீபர் ஸ்பிரிங்ஸ் அருகேயுள்ள மக்னஸ் ஏரியில் மூன்று எக்காள அன்னங்கள் வந்திறங்கின. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவை குடும்பத்தோடு திரும்பி வந்தன. இன்று அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. மிசூரி, மிசிசிப்பி ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகிலுள்ள ரிவர்லண்ட்ஸ் சரணாலயத்திலும் நூற்றுக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மூன்று பறவைகள் தவறிப்போய் இறங்கியது ஒரு புதிய பாதையின் தொடக்கமாயிற்று. யாரோ ஒருவர் அதைப் பார்த்துக் குறித்து வைத்ததால்தான் நமக்கு இது தெரிகிறது.

ஈய நஞ்சு பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

இன்றைக்கு வளர்ந்த அன்னங்களைக் கொல்லும் முதன்மையான காரணங்களுள் அது ஒன்று. அன்னத்துக்குப் பல் இல்லை. தின்றதை அரைக்கச் சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்கிறது. ஏரிச் சேற்றில் கிடக்கும் வேட்டைத் துப்பாக்கியின் ஈயச் சன்னமும், தூண்டில்காரர் தவறவிட்ட ஈயக்கட்டியும் அதற்குக் கல்லாகவே தோன்றுகின்றன. இரைப்பை அவற்றை அரைக்க, ஈயம் இரத்தத்தில் கலக்கிறது. நாலைந்து சன்னங்களே போதும். கழுத்து நிமிர மறுக்கும், இறக்கைகள் தொங்கும், வயிறு நிறைய உணவு இருந்தும் செரிக்காமல் பறவை பட்டினியால் சாகும்.

நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்துக்கு அமெரிக்கா 1991ஆம் ஆண்டிலும் கனடா 1999ஆம் ஆண்டிலும் தடை விதித்தன. எனினும் அதற்கு முன் பல பத்தாண்டுகளாக விழுந்த ஈயம் சேற்றிலேயே கிடக்கிறது. வாத்துக்கு எட்டாத ஆழத்தை அன்னத்தின் நீண்ட கழுத்து எட்டிவிடுகிறது. வாஷிங்டன் மாநிலத்துக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் எல்லையிலுள்ள ஜட்சன் ஏரி வட்டாரத்தில் 1999 முதல் அன்னங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பிணங்களை ஆராய்ந்து, உயிருள்ளவற்றைப் பின்தொடர்ந்து, ஈயம் அந்த ஏரியிலிருந்து வருவதாகக் கண்டறிந்த பின், குளிர்காலத்தில் அன்னங்கள் அங்கே தங்காதபடி விரட்டத் தொடங்கினார்கள். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. தூண்டில் போடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: ஈயக்கட்டிக்கு மாற்றாக எஃகும் வெள்ளீயமும் கடையில் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

பறவைக்கு ரொட்டி போடலாமா?

கூடாது. ரொட்டியில் சத்து இல்லை. அதோடு மனிதரை நாடும் பழக்கமும் நெரிசலும் நோய்ப் பரவலும் அதனால் வருகின்றன. குழந்தைகள் கேட்டால் பறவையை எண்ணச் சொல்லுங்கள்.

இறக்கையில் மஞ்சள் பட்டை கட்டிய அன்னத்தைக் கண்டேன். என்ன செய்ய வேண்டும்?

அதிலுள்ள எழுத்தையும் எண்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் தன்னார்வலர்கள் கட்டும் அடையாளம் அது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் கழுத்துப்பட்டையும் உண்டு. நாள், நேரம், இடம், உடனிருந்த வெள்ளைப் பறவைகள் எத்தனை, சாம்பல் நிறக் குஞ்சுகள் எத்தனை என்பவற்றையும் சேர்த்து, பறவை வளையமிடும் அரசு அலுவலகத்துக்கோ ஈபேர்டு என்னும் பறவைப் பதிவு இணையத்தளத்துக்கோ அனுப்பலாம். பட்டை இல்லாத பறவையின் பதிவும் பயனுள்ளதே, குறிப்பாக இதுவரை அன்னம் காணப்படாத இடமானால்.

ஒரு ஜனவரிக் காலை பர்லிங்டனின் லசால் பூங்காவில், கரைக்கு நான்கு மீட்டர் தொலைவில் ஒரு பெட்டை உறங்கிக்கொண்டிருந்தது. பட்டையின் பாதி இறகுக்குள் மறைந்திருந்தது. எழுத்து தெரிந்தது, எண் தெரியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தேன். அதன் முதுகில் விழுந்த பனித்துகள் உருகாமல் அப்படியே கிடந்தது. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாத தூவி அது. பிறகு இணை ஒருமுறை ஊத, அது கண் விழித்து, தலையை மேலும் கீழும் அசைத்து, இறக்கையை உதறியது. எண் தெரிந்தது. அதே பறவை முந்தைய கோடையில் வடக்கே நாலு குஞ்சுகளோடு பதிவாகியிருந்தது என்று பிறகு அறிந்தேன். அன்று அதன் பின்னால் நின்ற சாம்பல் நிறக் குஞ்சுகளும் நாலு.

கூடு கட்டும் இடத்துக்குப் போய்ப் பார்க்கலாமா?

தொலைநோக்கியோடு தூர நின்று பாருங்கள், படகில் நெருங்காதீர்கள். பீவரின் வீட்டு மேட்டிலோ, மஸ்க்ராட் என்னும் நீரெலி குவித்த நாணல் குவியலிலோ கூடு அமையும். பெட்டை ஐந்து வாரமளவு அடைகாக்கும். அது கலைந்து எழுந்தால் முட்டை குளிர்ந்துவிடும். பொரித்த குஞ்சு பறக்க மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகும்.

இப்போதும் யாராவது சுடுகிறார்களா?

எக்காள அன்னத்தைச் சுடச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் அமெரிக்காவின் சில மாநிலங்களில் உரிமம் பெற்றுத் தூந்திர அன்னத்தை வேட்டையாடலாம்; அங்கே தவறுதலாக இதுவும் சாகிறது. அதனால் யூட்டாவில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் எக்காள அன்னங்கள் சுடப்பட்டுவிட்டால் அந்த ஆண்டின் அன்ன வேட்டையே முடித்துவைக்கப்படுகிறது. மின்கம்பியில் மோதிச் சாவதும் உண்டு.

எங்கே, எப்போது போனால் பார்க்கலாம்?

டொராண்டோ வட்டாரத்தில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நல்ல காலம். ஸ்காபரோவில் இருப்பவர்கள் பிளஃபர்ஸ் பூங்காவின் படகுத்துறைப் பக்கம் போகலாம்; ஹாமில்டன் துறைமுகத்தின் வடகரையிலுள்ள லசால் பூங்காவில் கூட்டம் பெரிது. மினசோட்டாவில் இருப்பவர்களுக்கு மொன்டிசெல்லோ: அங்குள்ள அணுமின் நிலையத்தின் வெந்நீர் கலப்பதால் மிசிசிப்பி ஆறு உறையாமல் கிடக்க, ஆயிரக்கணக்கில் அன்னங்கள் குவியும். காலையில் போங்கள், வெயில் ஏறினால் பல பறவைகள் வயல்களுக்கு மேயப் போய்விடும். தலைகள் ஒன்றாக மேலும் கீழும் அசையத் தொடங்கினால் கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், குடும்பம் கிளம்பப் போகிறது.